மிளகுக் குப்பி

உப்புக் குப்பிதான் பந்தை எறியும் குவாட்டர்பேக். மிளகுக் குப்பி, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஃப்ரெட் ஜாக்சன். கடுகு சாஸ் பாட்டில், தட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வரும் எதிரணி லைன்பேக்கர். பஃபலோவில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளச் சமையலறையில், வீட்டுக்காரர் எனக்கு அமெரிக்கக் கால்பந்து கற்றுக்கொடுத்தது இப்படித்தான். கடுகு பாட்டிலை உப்பை நோக்கித் தள்ளுவார். மிளகைத் தூக்கி நடுவில் நங்கென்று வைப்பார். பாட்டில் சாயும். "இது நாளைக்குப் பேப்பரில் வராது" என்பார்.

அந்த ஊர்ப் பழைய வீடுகள் பல அப்படி, கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். வாசலில் பனி அள்ளுவது என் பொறுப்பு, அதற்கு வாடகையில் கொஞ்சம் தள்ளுபடி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ஊர் அணியான பில்ஸின் ஆட்டம் என்றால் சமையலறைக்கு வந்துவிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். நான் அவரை 'சார்' என்பேன். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் விட்டுவிட்டார்.

டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவை வைப்பார். ஜான் மர்ஃபியின் வர்ணனை இல்லாமல் அவருக்கு ஆட்டம் ஆட்டமே இல்லை. தொந்தரவு என்னவென்றால், ரேடியோ சில விநாடி முந்திக்கொள்ளும். டச் டவுன் என்று மர்ஃபி கத்தும்போது திரையில் ஆட்டக்காரர்கள் இன்னும் குனிந்து நின்றுகொண்டிருப்பார்கள். முடிவு தெரிந்த பிறகு காட்சியைப் பார்ப்பது எனக்கு எரிச்சல். அவருக்கு அதுதான் சுகம். "யார் பந்தைக் கொண்டுபோனான் என்று தெரிந்துவிட்டது இல்லையா, இப்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்" என்பார்.

நான் பார்க்கமாட்டேன். எனக்கு எண்கள் போதும். எத்தனை முறை ஓடினான், எத்தனை கெஜம், சராசரி என்ன. கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பார்த்து வளர்ந்த கண்.

எண்கள்படி என் ஆள், அதே அணியின் இன்னொரு ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச். 2007-ல், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், 12-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் இரண்டு பருவங்களிலும் ஆயிரம் கெஜம் தாண்டியவர். ஜாக்சனை எந்தச் சுற்றிலும் யாரும் எடுக்கவில்லை. பள்ளி அணியிலேயே அவர் மாற்று ஆட்டக்காரர்தானாம். அயோவாவில் கோ கல்லூரி என்ற சிறிய இடத்தில் ஆடினார். பிறகு சூ சிட்டியில், ஐஸ் ஹாக்கித் திடல் அளவுக்குச் சுருங்கிய உள்ளரங்க மைதானத்தில், கைச்செலவுக்குக் காணும் சம்பளத்துக்கு இரண்டு வருடம். பிறகு ஜெர்மனியில் ரைன் ஃபயர் அணி. 2006-ல் பஃபலோ அவரைக் கூப்பிட்டபோது அணியின் பொது மேலாளர் மார்வ் லெவி. அவரும் அதே கோ கல்லூரியில் படித்தவர். 'நம்ம ஊர்ப் பையன்' என்பது எல்லா நாட்டிலும் வேலை செய்கிறது. உண்மையான ஆட்டத்தில் இறங்கியபோது ஜாக்சனுக்கு வயது 26. இந்த ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முப்பதைத் தொட்டாலே கிழவர்கள். வண்டி கிளம்பும்போதே பாதி டீசல் போய்விட்ட கதை.

ஜாக்சனை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதுதான் அந்தச் சமையலறையின் நிரந்தர வழக்கு. லிஞ்ச் இருக்கிறார், இவர் எதற்கு என்பேன் நான். வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் மிளகுக் குப்பியை எடுப்பார்.

2010 ஜனவரி 3. பனி கொட்டிய மதியம். அன்று மட்டும் வாசலை இரண்டு முறை அள்ளினேன். ஜாக்சன் அந்தப் பருவத்தில் 850 கெஜத்தில் நின்றார். ஆயிரத்துக்கு இன்னும் 150. எதிரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். அவர்களுக்கு அந்த ஆட்டத்தால் ஆகவேண்டியது எதுவும் இல்லை, குவாட்டர்பேக் பெய்டன் மானிங்கைச் சீக்கிரமே உட்கார வைத்துவிட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜாக்சன் 212 கெஜம் ஓடினார். கோடுகள் மறைந்துபோன வெள்ளைத் தரையில், வேகமாகக்கூட இல்லை, கால் வைக்கும் இடத்தை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதுபோல. ஒரே பருவத்தில் ஓட்டத்தில் ஆயிரம், கிக் ஆஃப் பந்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில் ஆயிரம் என்று இரண்டையும் தாண்டிய முதல் ஆள் என்றார்கள். வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எனக்கும் ஒரு பீர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஏப்ரலில் அணி என்ன செய்தது தெரியுமா? முதல் சுற்றில், 9-ஆவது இடத்தில், இன்னொரு ஓட்டக்காரரை எடுத்தது. சி.ஜே. ஸ்பில்லர். மின்னல் கால்கள். இப்போது ஒரே பந்துக்கு மூன்று பேர்.

போனது லிஞ்ச். 2010 அக்டோபரில் சியாட்டிலுக்கு, இரண்டு பின்சுற்றுத் தேர்வுகளுக்குப் பண்டமாற்று. வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார், அவருடைய ஆள் தங்கிவிட்டார். ஆனால் மூன்றே மாதத்தில், 2011 ஜனவரி 8 அன்று, நியூ ஆர்லியன்ஸ் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக உதறித் தள்ளிக்கொண்டு லிஞ்ச் 67 கெஜம் ஓடினார். கூட்டம் குதித்ததில் பக்கத்து நில அதிர்வுக் கருவியில் பதிவாகிவிட்டது. நான் படியில் தடதடவென்று இறங்கிப்போய், "பார்த்தீர்களா?" என்றேன்.

"பார்த்தேன். நல்ல ஓட்டம்."

அவ்வளவுதான். வாதம் செய்யவே இல்லை. அன்று அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் மௌனம் என்று நினைத்துக்கொண்டேன்.

2011-ல் ஜாக்சன் பத்தே ஆட்டத்தில் 934 கெஜம். நான் கட்சி மாற ஆரம்பித்தது அப்போதுதான், அதுவும் எண்களைப் பார்த்துத்தான். மயாமியுடனான ஆட்டத்தில் கால் எலும்பு உடைந்தது. ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி என்று துள்ளிக்கொண்டு தொடங்கிய அணி ஆறு வெற்றியோடு பருவத்தை முடித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் ரேடியோ சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஜாக்சனுக்குப் பதில் இறங்கிய ஸ்பில்லர் நன்றாகவே ஓடினார். ஆனால் குவாட்டர்பேக்கை நோக்கி யாராவது பாயும்போதெல்லாம் வீட்டுக்காரரின் கை தன்னையறியாமல் மிளகுக் குப்பிப் பக்கம் போகும்.

அதற்குப் பிறகுதான் நான் பந்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கக் கற்றேன். ரேடியோ முடிவைச் சொல்லிவிடும், நான் 22-ஆம் எண்ணைத் தேடுவேன். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் நிற்கிற நிற்பு. முழங்கால் லேசாக மடங்கி, தலை இடமும் வலமும், வாசலில் விருந்தாளியை எதிர்பார்க்கிறவர்போல. யார் பாயப்போகிறான் என்று அவன் பாய்வதற்கு முன்பே தெரிந்து, ஒரே ஓர் எட்டு வைத்து, தோளைக் கொடுப்பார். தன்னைவிடப் பதினைந்து இருபது கிலோ கனமான ஆளுக்கு. அந்த இரண்டு விநாடியில் பந்து வேறெங்கோ பறந்துபோய் வேறொருவன் கையில் விழும், கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தும். இவர் தரையிலிருந்து புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்.

வேலை கிடைத்து நான் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டேன். 2015 ஆகஸ்ட் 31 அன்று பில்ஸ் ஜாக்சனை விடுவித்தது. வயது 34. அந்த அணிக்காக 5,646 கெஜம் ஓடியிருந்தார், அதன் வரலாற்றில் மூன்றாவது இடம். அத்தனை வருடத்தில் அணி ஒரு முறைகூட பிளே ஆஃப் பக்கம் போனதில்லை. அலுவலக வாசலில் நின்றுகொண்டே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். நன்றி கெட்டவர்கள், கண் இல்லாதவர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அவர் முடிக்க விட்டார்.

"முப்பத்திநாலு வயசு. ஓடுவதற்கு லெசான் மெக்காய் வேறு வந்துவிட்டான். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்."

"நீங்களா சார்?"

"அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாள் செய்ய முடியும் என்பதும் தெரியும்."

எனக்குக் கோபமாக வந்தது. அத்தனை வருடம் மிளகுக் குப்பியை ஆட்டியவர்! இப்போது யோசித்தால், அந்த ஊரில் ஜாக்சனை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஆளுக்குத்தான் அதைச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. நான் தாமதமாகக் கண்டுபிடித்தவன், அதனால் விட மனசில்லை.

சில நாளில் ஜாக்சனைச் சியாட்டில் எடுத்துக்கொண்டது. அதே சியாட்டில், அதே லிஞ்ச், ஒரே அணியில் மறுபடியும் இருவரும். மொத்தப் பருவத்துக்கும் ஜாக்சன் ஓடியது 100 கெஜம். ஆனால் மூன்றாவது முயற்சி வந்தால், எதிரணி பாயும் என்று தெரிந்தால், அவரை உள்ளே அனுப்பினார்கள். அந்த அணி பிளே ஆஃபுக்கும் போனது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, மடிக்கணினியில் சியாட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் வருவது டிவியைவிட அரை நிமிடம் பிந்தும். ஜாக்சன் உள்ளே வந்து குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்றார். ஃபோன் அடித்தது.

"பார்த்தாயா?"

பின்னணியில் ரேடியோ சத்தம். என் திரையில் எல்லாரும் இன்னும் குனிந்துதான் நின்றார்கள்.

"இல்லை சார், இனிமேல்தான்."

"சரி," என்றார். "பந்தைப் பார்க்காதே."