யாம் கேட்ட குருவி

இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லாது விடுதியிலேயே தங்கிவிட்ட மாணவர் நால்வர் யாம். இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென எம் ஆசிரியர் பணித்தபோது, 'பறவைகளைப் பற்றி எழுதுங்கள்' என்றே கூறினார். 'நீங்கள் செய்த பிழையைப் பற்றி எழுதுங்கள்' என்று கூறினாரில்லை. ஆயினும் பிழையை விடுத்துப் பறவையை மட்டும் எழுத எமக்கு வழி தோன்றவில்லை.

2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்து வருதலை அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓரிடத்தில் நின்றேனும் நடந்தேனும், கண்டனவும் கேட்டனவுமாகிய பறவைகளை எண்ணி, 'ஈபேர்ட்' என்னும் செய்திக் களஞ்சியத்திற் பதிதலே அதன் முறை. அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகத்தாரும் ஆடுபன் சங்கத்தாரும் 2002-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். கைப்பேசி உடையார் எவரும் அதிற் பதியலாம். பட்டியலை முடிக்குங்கால் அது நம்மை ஒரு கேள்வி கேட்கும்: நீர் அடையாளங் கண்ட பறவைகள் அனைத்தையும் எழுதிவிட்டீரா? 'ஆம்' என்று விடையிறுத்தால், பட்டியலில் உள்ளவை மட்டுமன்றி இல்லாதவையும் செய்தியாகிவிடும். காக்கை இல்லாத பட்டியல், அவ்விடத்தில் அவ்வேளையில் காக்கை தென்படவில்லை என்பதற்குச் சான்று பகரும். இச்சிறு கேள்வியின் கனம் எமக்கு அன்று விளங்கவில்லை.

எமது கல்லூரியின் மேல்கோடியில் பாழ்ங்கிணறு ஒன்றும் அதனைச் சூழ்ந்த புதர்க்காடும் உள்ளன. பழைய மாணவர்கள் அவ்விடத்தை மறந்திரார். மாட்டுப் பொங்கலன்று மாலை அங்குச் சென்று அமர்ந்தோம். செம்போத்து 1, தவிட்டுக் குருவி 7, கரிச்சான் 2, கிளி 16 என எழுதிக்கொண்டிருக்கையில், ஒளி மங்கும் வேளையில், புதருக்கப்பாலிருந்து இரண்டு சுரங்கொண்ட தெளிந்த சீழ்க்கை எழுந்தது. எம்மில் ஒருவர் கைப்பேசியில் 'மெர்லின்' என்னும் செயலி திறந்திருந்தது. கேட்கும் ஒலியைக் கோட்டுப் படமாக்கி, அப்படத்தைப் படித்து, இன்ன பறவை எனச் சொல்லவல்லது அது. உடனே ஆறுமணிக் குருவியின் உருவத்தைக் காட்டிற்று.

அப்பறவையைப் பார்த்திராதவர்க்கு ஒரு சொல். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, குட்டை வால், பச்சையும் நீலமும் பொன்னிறமும் கருமையும், வாலடியிற் செம்மையுமாக ஒரு சிற்றுயிரில் இத்துணை நிறமா என்று வியக்கச் செய்யும். வடநாட்டார் அதனை நவரங்கம் என்பர். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, மழை ஓய்ந்தபின் இரவோடிரவாகப் பறந்து தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும். காலையும் மாலையும் ஆறுமணியளவிற் கூவுதலால் அப்பெயர் பெற்றது. பட்டியலில் 'ஆறுமணிக் குருவி 1' என எழுதினோம். கேள்விக்கு 'ஆம்' என்றோம்.

விடுமுறை முடிந்ததும் செய்தி பரவிற்று. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் அக்குருவியைக் கண்டாரில்லையாம். காலைக் கூட்டத்தில் எம் பெயர்களை வாசித்தார்கள். புதர்க்காட்டைத் திருத்தி விளையாட்டிடம் ஆக்கலாம் என்றொரு பேச்சு அந்நாளில் நடந்துகொண்டிருந்தது. 'இமயத்திலிருந்து வரும் விருந்தினர்க்கு இடமில்லை என்போமா?' என்று ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்க, எதிர்ப்பக்கத்தார் வாய் திறந்திலர். எமக்கு ஏற்பட்ட பெருமிதத்தை ஒளிப்பானேன்? நால்வரும் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

விலங்கியற் பகுதியின் அலமாரியில், காலஞ்சென்ற பேராசிரியர் ஒருவருடைய நோட்டுப் புத்தகங்கள் ஒன்பது இருந்தன. கல்லூரி வளாகத்தில் அவர் கண்ட பறவைகளின் குறிப்பு அவை. பழைய பட்டியல்களையும் ஈபேர்ட் ஏற்றுக்கொள்ளும். நாளும் இடமும் தெரிந்தாற் போதும், எண்ணிக்கை தெரியாவிடத்துப் பெருக்கற்குறி இட்டுவிடலாம். மாசி மாதத்தில் அவற்றைப் பதியத் தொடங்கினோம். ஆண்டுதோறும் ஐப்பசியில் 'கிணற்றடி, ஆறுமணிக் குருவி, ஒன்று' என்னும் வரி தவறாது வந்தது. கடைசி இரண்டு புத்தகங்களில் அவ்வரி இல்லை. எம்மை நிறுத்தியது அதுவன்று. சில பெயர்களின் முன்னே அவர் இட்டிருந்த சிறு கேள்விக்குறிகளே. 'பருந்தோ வல்லூறோ? வெயில் கண்ணிற் பட்டது' என்று ஓரிடம். 'கேட்டது மட்டுமே, காணவில்லை' என்று பல இடம். நாற்பதாண்டு பறவை பார்த்தவர் இவ்வாறு எழுதியிருக்க, ஒரு மாலை பார்த்த யாம் யாதொரு குறியும் இட்டிலோம். 'நம்மில் எவரேனும் அதைக் கண்டோமா?' என்று எம்மில் இளையவர் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

அருகே எமக்கு உதவியாக வாசித்துக்கொண்டிருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் முகம் வெளிறினான். 'அண்ணா, அன்றைக்குப் புதருக்கு அந்தப் பக்கம் இருந்தது நாங்கள்தான். குருவி வருமா பார்க்கலாம் என்று போனில் அதன் குரலைப் போட்டோம். வரவில்லை' என்றான்.

கைப்பேசி கூவியதைக் கைப்பேசி கேட்டுக் கூறிய பெயரை யாம் எழுதிவிட்டோம்! மெர்லினைக் குறை சொல்லுதற்கில்லை. கேட்டது இன்ன குரல் என்றதே தவிர, அக்குரல் தொண்டையிலிருந்து வந்ததா பெட்டியிலிருந்து வந்ததா என்று அது அறியுமாறில்லை.

அன்றிரவு விடுதி அறையிற் பெரிய வழக்கு நடந்தது. 'விட்டுவிடலாம், தை மாதத்தில் அக்குருவி இங்கு வரக்கூடியதே. ஒருவேளை வந்துமிருக்கும்' என்பது ஒரு கட்சி. அதில் உண்மையும் உண்டு. ஓரிடத்தில் ஒரு மாதத்தில் எந்தப் பறவை எத்துணை இருத்தல் கூடும் என்றொரு வரம்பை ஈபேர்டில் வகுத்திருக்கின்றனர். வரம்பு மீறினால் தன்னார்வ ஆய்வர் ஒருவர் மடல் எழுதிச் சான்று கேட்பார். ஆனியில் ஆறுமணிக் குருவி எழுதியிருப்பின் கேட்டிருப்பர். தையில் எழுதினமையால் ஒருவரும் கேட்கவில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை. புதர்க்காட்டின் கதி அக்குருவியைப் பற்றி நிற்கின்றது என்பதும் அக்கட்சியாரின் வாதம். அதற்கு மறுமொழி எமக்கு எளிதாயில்லை. மறுகட்சியார் கூறியது இது: ஈபேர்டிற் பதிந்தவை கோபன்ஹேகன் நகரில் அலுவலகங் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவல் நிலையத்துக்கும் செல்கின்றன, ஆராய்வோர் அங்கிருந்து எடுத்துப் பயில்கின்றனர். வாராமல் நின்றுபோன குருவி மீண்டது என்று எமது பட்டியல் அங்கே கூறிக்கொண்டேயிருக்கும். அப்பேராசிரியரின் இரண்டு புத்தக மௌனத்தை யாம் பொய்யாக்கியவராவோம்.

விடியுமுன் அவ்வரியை நீக்கினோம். காலைக் கூட்டத்தில் எம்மில் ஒருவர் எழுந்து நடந்ததைக் கூறினார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்று தொட்டு விடுதியில் எமக்கு 'ஆறுமணிக் குருவிகள்' என்றே பெயர், இன்றும் மாறவில்லை. புதர்க்காட்டுக்குப் பரிந்து பேசிய ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். 'சரி, பொய்க்குருவி போயிற்று. மெய்யாக அங்கே என்ன இருக்கின்றது?' என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியே எம்மைச் செடிகளிடம் செலுத்திற்று. செடிகொடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் 'ஐநாச்சுரலிஸ்ட்' என்றொரு களஞ்சியம் உண்டு. 2008-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரத்து மாணவர் சிலர் படிப்பின் முடிவிற் செய்த வேலை அது. படம், நாள், இடம் மூன்றும் வேண்டும். இம்முறை புதிதன்று. 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர் செடிகளை உலர்த்திச் சேர்த்ததும் இவ்வகையினதே. தமிழுக்கு அகராதி தொகுத்த அக்கைகளே தாள்களில் தழைகளையும் ஒட்டின. அவர் சேர்த்தவை பின்னர் லண்டன் கியூ தோட்டத்தை அடைந்தன.

ஐநாச்சுரலிஸ்டிலும் பொறி பெயர் சொல்லும். ஆனால் எந்நாட்டுப் படங்களை மிகுதியாகக் கற்றதோ அந்நாட்டுச் செடிகளையே அது நன்கறியும். கிணற்றடியில் இருந்த முட்புதர் ஒன்றுக்கு அது மூன்று நாளில் மூன்று பெயர் சொல்லிற்று. இம்முறை யாம் ஒன்றையும் ஒப்பவில்லை. 'செடி' என்று மட்டும் பதிந்து காத்திருந்தோம். அவ்வாறு பதியவும் அதில் இடமுண்டு. தோட்டக்காரப் பெரியவர் அவ்வழி வந்தவர், 'இது சங்கஞ்செடி, தம்பி. கணுவுக்கு நாலு முள், எண்ணிப் பாருங்கள்' என்றார். எண்ணினோம், நான்கு. முட்களை அண்மையிற் படம் பிடித்துச் சேர்த்தோம். இரண்டு நாட்கழித்து, யாம் முகமறியாத ஒருவர் 'அசிமா டெட்ராகாந்தா' என எழுதினார், வேறொருவர் உடன்பட்டார். டெட்ராகாந்தா என்பதன் பொருள் நான்கு முள்ளுடையது என்று பின்னர் அறிந்தோம். பெரியவரிடம் சென்று கூறினோம். 'அதைத்தானே நானும் சொன்னேன்' என்றார்.

இவ்வாறு 41 வகைச் செடிகொடிகளைப் பதிந்துள்ளோம். 28 வகைக்குப் பிறர் உடன்பாடு கிடைத்தது, எஞ்சியவை காத்திருக்கின்றன. அப்பட்டியலை அச்சிட்டு அலுவலகத்திற் கொடுத்தோம். புதர்க்காட்டைப் பற்றிய முடிவு இம்மலர் அச்சேறும் வரை வரவில்லை.

சென்ற ஐப்பசியில் நால்வரும் 11 மாலைகள் கிணற்றடியிற் சென்று அமர்ந்தோம். அம்முதலாண்டு மாணவனும் உடன் வந்தான். கைப்பேசிகளை அணைத்துப் பையில் இட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அறைக்கு வந்தபின் பதிந்தோம். செம்போத்து இருந்தது. தவிட்டுக் குருவிகள் இருந்தன. ஒரு மாலை ஆந்தையோ பக்கியோ ஒன்று தாழப் பறந்து சென்றது, கேள்விக்குறியிட்டு எழுதியுள்ளோம். 11 பட்டியல்களிலும் கேள்விக்கு 'ஆம்' என்றே விடையிறுத்தோம். ஆறுமணிக் குருவி ஒன்றிலும் இல்லை.