வடிகால் மூடிமேல் ஒரு நடை

தாம்பரம் ரயில் நிலையத்துக் கிழக்குப் பக்கம், காலை எட்டு மணி. வண்டி நிறுத்துமிடம் ஸ்கூட்டர்களாலும் பைக்குகளாலும் நிரம்பி வழிகிறது. சைக்கிள்கள் சுவரோரம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடக்கின்றன. டோக்கன் கிழித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "முன்னெல்லாம் சேலையூர், மாடம்பாக்கத்துலேர்ந்து சைக்கிள்லயே வருவாங்க சார். இப்ப அந்த ரோட்டுல யாரு ஓட்டுறது?" என்றார்.

அந்த ரோடு என்று அவர் சொன்னது வேளச்சேரி சாலையை. சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பு இங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது. போகும்போது நடை, திரும்பும்போது சைக்கிள் என்று முடிவு செய்தேன். கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் நண்பர் தன் சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

கிளம்புமுன் மேற்குப் பக்கம் ஒரு எட்டு போய் வந்தேன். சண்முகம் சாலையைப் பார்க்காமல் தாம்பரத்தில் நடப்பதைப் பற்றி என்ன எழுத முடியும்? பூ, கீரை, செருப்பு, செல்போன் உறை என்று இரண்டு ஓரமும் கடைகள், நடுவில் ஜனம், ஜனத்தைப் பிளந்துகொண்டு ஆட்டோ. நடக்க இடமில்லாமல் போவதற்குக் காரணம் தரைக்கடைக்காரர்கள்தான் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடப்பவர்கள் இருக்கும் இடத்தில்தான் அவர்கள் கடை போடுகிறார்கள். இடத்தை அளந்து ஒதுக்கிக் கொடுக்க 2014இலேயே தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்துவிட்டது. அரை மணி நேரம் அங்கே நின்றதில் என்னை இடித்தவை எல்லாம் பைக்குகள்தான். ஒரு கீரைக் கூடைகூட இடிக்கவில்லை.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஊர் அந்த நிலையத்தைச் சுற்றி, நடந்தும் சைக்கிளிலும் வந்துபோகும் தூரத்தில்தான் முதலில் வளர்ந்தது. அதே தண்டவாளம்தான் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகவும் வெட்டியது. பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை. வண்டிக்கு மேம்பாலம் உண்டு. நடப்பவருக்குப் படிக்கட்டு. சைக்கிள்காரர் ஒன்று மேம்பாலத்தில் பேருந்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும், அல்லது சைக்கிளைத் தோளில் தூக்கிப் படியேற வேண்டும்.

மறுபடி கிழக்கு. வேளச்சேரி சாலையில் நடக்கத் தொடங்கினேன். இடது பக்கம் நடைபாதை மாதிரி ஒன்று தெரிகிறது. ஏறிப் பார்த்தால் அது மழைநீர் வடிகாலின் மூடி. சில இடங்களில் முழங்கால் உயரம். நாலு வீடு தள்ளி சாலை மட்டத்துக்கு இறங்குகிறது. பிறகு ஒரு கடைக்காரர் வண்டி ஏற்றக் கட்டிய சிமெண்ட் சாய்தளம். அதைத் தாண்டினால் மின்வாரியப் பெட்டி. அதற்கப்பால் ஒரு பலகை மட்டும் பெயர்ந்து, கீழே கறுப்புத் தண்ணீர். எனக்கு முன்னால் போன ஓர் அம்மா, கையில் டிபன் பையோடு, அந்த மூடிமேல் ஏறவே இல்லை. சாலை ஓரமாகவே போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்றார். பார்க்கப்போனால், யாருமே ஏறவில்லை.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறக்கவில்லை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதற்குப் பிறகு வடிகால் என்றால் பணம் வருகிறது, அவசரம் வருகிறது, அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். நடைபாதை அந்த வேலையின் உபரி. வடிகால் தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்துக் கட்டப்படுவது. அதன் மூடி எந்த உயரத்தில் நிற்கும், எத்தனை அகலம் இருக்கும் என்பதை மனிதக் கால் தீர்மானிப்பதில்லை. இப்படிப்பட்ட ஒப்பந்த வேலை பார்த்த ஒருவர் ஒருமுறை எனக்கு விளக்கினார்: சாலையைப் போடப் போட அது உயரும், அதை மனசுல வச்சுத்தான் வடிகால் சுவரை ஏத்திக் கட்டுறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவு ஒழுங்காக நடந்தால் இந்தக் கணக்குக்கே தேவையில்லை.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டியில் அளவுகள் தெளிவாகவே இருக்கின்றன. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆறு அங்குலம், அவ்வளவுதான். கையில் டேப் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் அளக்க வேண்டியிருந்திருக்காது. அடுத்த வடிகால் டெண்டரில் இந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தனித் திட்டம், தனி நிதி என்று காத்திருக்க வேண்டாம்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்றது. அந்த 2018 வந்து போய்விட்டது. தாம்பரமோ அப்போது தனி நகராட்சி. அந்தக் கொள்கையின் எல்லைக்கு வெளியே. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்து 70 வார்டு மாநகராட்சி ஆனது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போட்ட தெருக்களை ஒரே வரைபடத்தில் பார்க்க இப்போதுதான் வாய்ப்பு.

கேம்ப் ரோடு சந்திப்பு. நாலு பக்கமும் ஹாரன். சீருடையில் ஒரு பெண், அரசு கொடுத்த சைக்கிள், கேரியரில் பை. ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு நின்றாள். "ஏம்மா, ஓட்டத் தெரியாதா?" என்றேன். முறைத்தாள். "தெரியும் அங்கிள். இந்த இடத்துல மட்டும் ஓட்டக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க." புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் என்பது இங்கே இருபது வருஷப் பழக்கம். வண்டியைக் கொடுத்த அரசு, அதை ஓட்ட சாலையில் ஒரு ஓரத்தைக் கொடுக்க மறந்துவிட்டது.

நண்பரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பிரதான சாலையைத் தவிர்த்தேன். ராஜகீழ்ப்பாக்கம் உள்தெருக்கள் வழியாகச் சிட்லபாக்கம். ஆச்சரியம், சுகமாகவே இருந்தது. இருபதடித் தெரு, இரண்டு பக்கமும் வேப்பமரமோ புங்கமரமோ, மெதுவாகப் போகும் வண்டிகள். இந்தத் தெருக்களுக்கு நடைபாதையும் வேண்டாம், சைக்கிள் தடமும் வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். சிக்கல் தெரு முடியும் இடத்தில். ஒரு நகர் இன்னொரு நகரோடு சேராமல் மதில் எழுப்பிக்கொண்டு நிற்கிறது; வேறு வழியில்லாமல் திரும்பப் பிரதான சாலைக்கே வர வேண்டியிருக்கிறது. நாலடி அகலத்துக்கு அந்த மதில்களைத் திறந்துவிட்டால் கேம்ப் ரோட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு சைக்கிள் வழி, செலவே இல்லாமல் கிடைக்கும். திறப்பதற்குக் குடியிருப்போர் சங்கங்கள் சம்மதிக்குமா என்பது வேறு கதை. திருடன் வருவான் என்பார்கள்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் வந்த ஸ்கூட்டர்கள் வாசலில் நிற்கின்றன. வீட்டிலிருந்து ஏரிக்கு நடந்தால் அது நடைப்பயிற்சி ஆகாது போலிருக்கிறது.

கடைசியாகத் தாம்பரம் சானடோரியம் நிலையம். இந்தப் பக்கம் சிட்லபாக்கம், தண்டவாளத்துக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் அந்தப் பக்கம் 1984இல் வந்த ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ், காசநோய் மருத்துவமனை, தேசிய சித்த மருத்துவ நிறுவனம். வேலை முடிந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். தண்டவாளத்தை அத்துமீறிக் கடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு. முறையாகக் கடக்க நினைக்கும் சைக்கிள்காரருக்கோ படிக்கட்டு. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் படிக்கட்டின் ஓரமாகச் சக்கரம் உருட்ட ஒரு சாய்வான தடம் வைத்திருக்கிறார்கள். தள்ளிக்கொண்டே ஏறிவிடலாம். பழைய படிக்கட்டிலும் சிமெண்டாலோ இரும்பாலோ அதைப் பொருத்த முடியும். இங்கே அது இல்லை என்பதால் சைக்கிளைத் தூக்கினேன். பின்னால் வந்த இளைஞர் கேரியரைப் பிடித்துக்கொண்டார். "தினமும் இப்படித்தான் தூக்குவீங்களா அண்ணா?" என்றார். இல்லை என்றேன். "நான் தூக்கிட்டிருந்தேன். போன வருஷம் பைக் வாங்கிட்டேன்."