கையெழுத்துப் போடு, தம்பி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது.

வளரிளம் பருவ விழிப்புணர்வு வகுப்பு எடுக்கப் போகிறோம் என்று பள்ளியில் சொன்னதற்கு, பெற்றோர் கூட்டத்தில் நீ எழுந்து நின்று, "ஒழுக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுங்க, மத்ததெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் தானா தெரியும்" என்றாயாம். உன் பெண்டாட்டி சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

படிக்கிற வயதில் இதெல்லாம் வேண்டாம், காத்திருக்கட்டும் என்று நீ நினைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. உன் மகளிடம் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கர்ப்பப் பதிவு எழுதுகிற வேலை என்னுடையது. பெரும்பாலும் அம்மாவோடுதான் வரும். "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் அம்மா முகத்தைப் பார்க்கும். நாள் தள்ளிப்போனதற்கும் வயிற்றில் பிள்ளை இருப்பதற்கும் சம்பந்தம் உண்டென்றே தெரியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் ஒன்றும் ஒழுக்கம் சொல்லாமல் வளர்த்த பிள்ளைகள் இல்லை. தப்பு, தப்பு என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். எது தப்பு, அது எங்கே ஆரம்பிக்கிறது, பிடித்த பையனிடம் 'வேண்டாம்' என்று எப்படி வாயெடுத்துச் சொல்வது, இதைத்தான் யாரும் சொல்லவில்லை.

நம் பாப்பா பெரிய மனுஷியான சமாசாரத்தையே எடுத்துக்கொள். மண்டபம், பத்திரிகை, முச்சந்தியில் பிளக்ஸ். உன் மச்சான் கொண்டுவந்த சீர்த்தட்டை வீடியோக்காரன் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தான். ஊருக்கே சேதி போயிற்று. உன் உடம்பில் நடந்தது இதுதான் என்று அவளிடம் உட்கார்ந்து சொன்னவர் யார்? பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறதே என்பாய். "வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிற வாத்தியார்கள் உனக்கும் எனக்கும் தெரியாதவர்களா?

'அமெரிக்காவிலேயே காத்திருக்கத்தான் சொல்லித்தருகிறார்கள்' என்றும் பேசினாயாம். வாட்ஸ்அப்பில் வந்ததுதானே? பாதி நிஜம். 1996இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, கல்யாணம் வரை கட்டுப்பாடு என்று மட்டும் போதிக்கிற வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்த வகுப்புகளில் நாலை எடுத்து அரசே ஆராயச் சொல்லி, 2007இல் முடிவு வந்தது. வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. உறவைத் தொடங்கிவிட்டவர்களின் சராசரி வயது இரண்டு பக்கமும் 14.9.

உன் கட்சிக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2010இல் அங்கேயே இன்னொரு ஆய்வு வந்தது. பன்னிரண்டு வயதை ஒட்டிய கறுப்பினப் பிள்ளைகளுக்குக் காத்திருப்பதைப் பற்றி மட்டுமே வகுப்பு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த வகுப்புக்குப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பதில் பொதுவான உடல்நல வகுப்புக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதி. அப்படியானால் காத்திருக்கச் சொல்வது பலிக்கிறது! ஆனால் எப்படிச் சொன்னார்கள் என்று பார். கல்யாணம் வரை என்ற பேச்சே கிடையாது, நீ தயாராகும் வரை என்பதுதான். ஆணுறையை மட்டம் தட்டிப் பேசக் கூடாது என்பது கட்டளை. மறுத்துப் பேசுவதைப் பிள்ளைகளையே நடித்துப் பழக வைத்தார்கள். அந்த 1996 சட்டத்தின் இலக்கணத்துக்கு அடங்காத அந்த வகுப்புதான் பலன் கொடுத்தது.

நம் நாட்டில் 2007இல் பல மாநிலங்கள் இந்தக் கல்வியையே நிறுத்தின. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் உறவு ஒழுக்கக்கேடு என்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்று பரிந்துரைத்தது. உன் கட்சியில் பெரிய ஆட்களே இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் யாரும் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவதில்லை.

ஒழுக்கம் என்றதும் உனக்குப் பாப்பா ஞாபகம்தான் வருகிறது. உன் மகன் பெரியவன்? அவனும் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைதானே. 2012 போக்சோ சட்டப்படி 18 வயது முடியாத பெண் "நானும் விரும்பித்தான் பழகினேன்" என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது, பையன் மேல் வழக்குதான். பிரசவம் பார்க்க வந்த இடத்தில் வயது குறைவு என்று தெரிந்தால் நாங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் எங்களுக்கும் தண்டனை. இது பெரியவனுக்குத் தெரியுமா, கேட்டாயா?

பள்ளியில் தரும் சம்மதக் கடிதத்தில் மறுக்காமல் கையெழுத்துப் போடு. பாப்பாவை ஆயுத பூஜை லீவுக்கு இங்கே அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவனிடம் நீதான் பேச வேண்டும். நான் ஆரம்பித்தால் "விடுங்க அத்தே" என்று எழுந்து போய்விடுவான். அவனை எதிரே உட்காரவைத்து ஆரம்பிக்காதே, இரண்டு பேரும் நெளிவீர்கள். டியூஷனுக்கு வண்டியில் கூட்டிப்போகும்போது பேசு, முகம் பார்க்க வேண்டியதில்லை. முதலில் சட்டத்தைச் சொல், அது சுலபம். பேசினாயா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன்.

அன்புடன்,
அக்கா