அறுப்புக்கு முந்தின மாதம்

கும்மிடிப்பூண்டி பஜாரில் கடைக்காரர் நாய்த் தீவன மூட்டையின் வாயைப் பிரித்தபோது கிளம்பிய வாடை, பையில் கோழிக்கறி என்று அச்சிட்டிருந்தாலும், எனக்குக் கருவாடாகத்தான் பட்டது, பழவேற்காட்டுக் கூடைக்காரி கொட்டிவிட்டுப் போகும் நெத்திலித் தூள், ஈரச் சாக்கு, விறகுப் புகை, அதில் புகை மட்டும் கடையில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது.

எங்கள் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் பெரியவரை நான் தாத்தா என்பேன், அவர் என் வயதைப் பார்க்காமல் என்னைச் சின்னய்யா என்பார், அந்தக் காலத்தின் கோணல் அது. கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் மஞ்சளாக விழத் தொடங்கியதும் தன் செவலை நாயைத் தேற்ற உட்கார்ந்துவிடுவார், முதலில் வேப்பெண்ணெய் தடவி, காது மடல், விரலிடுக்கு என்று உண்ணிகளைப் பொறுக்கி நெருப்பில் போடுவார், பிறகுதான் சோறு பற்றிய பேச்சு. ராத்திரி காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், அதில் இடித்த கருவாடு, கிடைத்த நாளில் ஒரு வாத்து முட்டை, ஆனால் எதுவும் ஓட்டத்துக்கு முன்னால் கிடையாது, "மூச்சு அடங்கட்டும், அப்புறம் ஊத்தலாம்" என்று சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வார். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதை நான் கேட்டது வெகு காலம் கழித்து. முதலில் கரையில் நடை மட்டும், அது பழகிய பின் மதகு வரை ஓட்டம், அப்புறம் ஏரியில் நீச்சல், சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு நாயின் விலாவில் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். "கடைசி ரெண்டு எலும்பு தெரிஞ்சா ஓடும், எல்லாம் தெரிஞ்சா பசி, ஒண்ணுமே தெரியலன்னா அது நாயில்ல, திண்ணை."

தையில் அறுப்பு முடிந்த வயலில் நெல்தாளின் பச்சை வாசனை போகும் முன்பே எலி பிடிக்கும் வேலை ஆரம்பம், வரப்பில் எத்தனை வளை இருந்தாலும் எதில் எலி குடியிருக்கிறது என்பதை நாயின் மூக்குதான் சொல்லும், மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்து, ஓட்டைபோட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி அவர் வாயால் புகையூத, நாய் எதிர்வாயில் முன்னங்காலை மடக்கிக் காத்திருக்கும். உதடு வெந்து, நெஞ்சு கமறி, ஆடி மாதத்திலும் இருமிக்கொண்டிருப்பார். இந்த மாவட்டத்து எலி பிடிப்பவர்களுக்குக் கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவி செய்து தர உலக வங்கியின் பரிசுப் பணம் வந்தது 2003இல், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமத்துக்கே இடமில்லாமல் செய்த 1991 திருத்தமும் முயலை அவர் கைக்கு எட்டாததாக்கின, எலி பயிரழிக்கும் பிராணிகளின் பட்டியலில் இருந்ததால் தப்பியது, வளையிலிருந்து தோண்டியெடுத்த நெல்தான் அவர் வீட்டுக்குப் பாதிக் கூலி.

நாயைத் தேற்றும் இந்தப் பக்குவத்தை நான் மறுபடி பார்த்தது தெற்கே, சிப்பிப்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கரிசல் வெயிலில் பருத்திமாரின் காய்ந்த வாசனை, வேப்பமர நிழலில் ஒட்டிய வயிற்றோடு இரண்டு நாய்கள், அவற்றுக்குச் சோளக்கூழில் மோரை விட்டுக் கரைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, கல்யாண வீட்டு எச்சில் இலை ஒன்றைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. கறி போடுவதில்லையா என்று கேட்டால், அது பிடிக்கிறபோது தின்னும் என்றார். 2005இல் ராஜபாளையத்து நாய்க்குத் தபால்தலை போட்டார்கள், சிப்பிப்பாறை நாய்க்கு அந்த மரியாதை கிட்டவில்லை, பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

இப்போது கவரைப்பேட்டையில் என் மகன் வீட்டு மூன்றாவது மாடியில் இருப்பதும் சிப்பிப்பாறைதான், எடைக்கு இத்தனை கிராம் என்று பையிலேயே அட்டவணை இருக்கிறது, விலா தெரிகிறதே பாவம் என்று லிஃப்ட்டில் பார்க்கிறவர்களெல்லாம் பிஸ்கெட் நீட்டுகிறார்கள், நடக்க விட்டால் தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள், திரும்பி வந்து பாதத்தைத் துடைத்தால் துணியில் இரும்புத் துருவின் நிறம். ஓட்டத்துக்கென்று பிறந்த உடம்பு, அதற்கென்று ஒரு பருவம் மட்டும் இல்லை, வருஷம் முழுவதும் ஒரே மாதமாக இருக்கிறது.

பெரிய மூட்டையை வேண்டாமென்று சொல்லி, எதிர்க்கடையில் கேழ்வரகு மாவும் கால் கிலோ நெத்திலியும் வாங்கி வந்தேன். வாட்ச்மேனிடம் பிஸ்கெட் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், அவர் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருக்க வேண்டும். லாரிகள் கிளம்பும் முன் ஏரிப் பக்கத்து மண்பாதையில் ஓடவிட்டு, மூச்சு அடங்கும்வரை சட்டியை மூடி வைத்திருக்கிறேன்.

"எங்க போகப் போகுதுன்னு இதுக்கு இவ்ளோ பாடு மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"தை வருதேம்மா" என்றேன், அவள் சிரித்துவிட்டு, கூழில் முட்டை ஒன்று போதுமா இரண்டா என்றாள், ஒன்று என்றேன், இரண்டாகவே உடைத்து ஊற்றினாள்.