சாயங்காலம் ஏழு மணி

2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையை நம்பி இருந்த குடும்பங்களை ஒரே ராத்திரியில சாய்ச்சுட்டுப் போச்சு. பக்கத்துக் கொல்லைக்காரங்க வேதக்காரக் குடும்பம். அண்ணன் தோப்புல 80 மரத்துக்கு 11தான் மிச்சம். புதுசா நெட்டைக் கன்னு வச்சா காய்ப்புக்கு வர ஆறேழு வருசம் ஆகும். மனுசன் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு. வட்டிக்காரன் வாசலுக்கு வந்தான். மக காலேஜ் படிப்பு நின்னுச்சு. வீட்டுக்குள்ள பேச்சே இல்ல.

அவங்க கோயில்ல 'அன்பியம்'னு ஒண்ணு உண்டு. தெருவுல உள்ள குடும்பங்க முறை வச்சு வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் பண்ணுவாங்க. அண்ணி, "கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுலயே வைங்க"ன்னு கேட்டு வாங்கிட்டாங்க. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மெழுகுவத்தி, ஜெபமாலை. மாலையில 53 தடவை மாதாவைக் கூப்பிடணும்.

மொத வாரம் அண்ணன் திண்ணையிலயே கிடந்தாரு. ஒரு பாட்டி மட்டும் தினமும், "கையைப் புடிச்சு உள்ள விடுய்யா, படி ஏற முடியல"ன்னு அவரைத்தான் கூப்பிடும். உள்ள கொண்டுபோய் விட்டவரு ஒருநாள் அங்கேயே உக்காந்துட்டாரு. ஏழு மணிக்கு ஆளு வருவாங்கன்னே குடி குறைஞ்சுச்சு.

ஜெபம் முடிஞ்சு கடன் பேச்சு வந்துச்சு. நாலு பேரு போயி வட்டிக்காரன்கிட்ட தவணை பேசினோம். குழி வெட்டிக் கன்னு வச்சோம், ஊடால உளுந்து வெதைச்சோம். மக திரும்பக் காலேஜ் போச்சு.

நான் அய்யனாரைக் கும்புடுறவன். ஜெபத்துல மாதா வந்தாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. தெரு வந்துச்சு, அதை நான் பார்த்தேன். அண்ணிகிட்ட கேட்டா, "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி"ங்கிறாங்க.