உரக்கக் கேட்காத பணி

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது மரபு. டிசம்பர் 31ஆம் நாள் நிகழும் திருப்படித் திருவிழாவில் அன்பர்கள் படிதோறும் நின்று, திருப்புகழ் பாடி ஏறுகின்றனர். மலையுச்சிக்கு வாகனச் சாலை இருந்தும், எந்தப் படியையும் தாண்டிச் செல்லாத அந்த ஏற்றம், வேறு நெறியில் வழிபடும் நம்மையும் சிந்திக்க வைக்கிறது.

அலுவலகம் செல்லும் நம் போன்றோரின் நாள்களோ தாண்டித் தாண்டியே கழிகின்றன. விடியற்காலையில் மின்தொடர் வண்டியேறி, 80 கி.மீ.க்கு மேல் கடந்து சென்னையை அடைகிறோம். கோப்புகளும் தொலைபேசியும் மேலதிகாரியின் அழைப்பும் காத்திருக்கின்றன. யார் உரக்கக் கூப்பிடுகிறாரோ, அவர் பணியே முதற்பணியாகிவிடுகிறது.

1954இல் உலகத் திருச்சபைகள் மன்றம் அமெரிக்காவின் இவான்ஸ்டன் நகரில் கூடியபோது, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் உரையாற்றினார். அவசரமானவை வேறு, முக்கியமானவை வேறு என்னும் கருத்தை, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவருடையதாக அவர் அங்கே எடுத்துரைத்தார். இன்று நேர மேலாண்மை கற்பிப்போர் பலரும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றனர்.

இதன் பொருள் நம் மேசையிலேயே விளங்குகிறது. ஒரு புள்ளிவிவர அறிக்கை மாலைக்குள் வேண்டுமென மும்முறை அழைப்பு வருகிறது. அருகிலேயே, கணவரை இழந்த ஒரு பெண்ணின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு கிடக்கிறது. அதற்காகப் பரிந்து பேச எவரும் இல்லை. நாளை பார்க்கலாம் என்றாலும் எவரும் சினப்பதில்லை. ஆனால் ஒரு கையொப்பம் ஒரு மாதம் தள்ளிப்போனால், அம்மாதம் முழுவதும் அவ்வீட்டில் கடன் வாங்கித்தான் உலை வைக்க வேண்டும்.

ஆகவே நம் பிரிவில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டோம். அன்றைக்குரிய முதன்மையான மூன்று பணிகளை வண்டியிலேயே ஒரு சிறு தாளில் குறித்துக்கொள்கிறோம். மூன்றுக்கு மேல் இல்லை. அலுவலகத்தின் முதல் ஒரு மணி நேரம், கேட்க ஆளில்லாதவர்களின் கோப்புகளுக்கே உரியது. அவசரங்கள் அதன் பின்னர்தாம். அவற்றுள் சில, அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பிலேயே தாமாகத் தீர்ந்துபோவதையும் கண்டோம்.

எரிகோ செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய சமாரியரும் பயணம் மேற்கொண்டிருந்தவரே. அவர் தம் பயணத்தைக் கைவிடவில்லை. காயங்களைக் கட்டினார்; மறுநாள் விடுதிக் காப்பாளரிடம் பணமும் பொறுப்பும் ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே சென்றார். எதற்காக நிற்பது, எதைப் பிறரிடம் ஒப்படைப்பது, எப்போது புறப்படுவது என்பதை அவர் அறிந்திருந்தார். நேரத்தை ஆளும் கலையில் இதைவிட நாம் கற்க வேண்டியது அதிகமில்லை.