கந்துக வரியும் ஒரு கூடைப்பந்துக் களமும்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், கந்துக வரிக்கு வந்ததும் சற்றே தயங்கி நிற்பது என் வழக்கமாகிவிட்டது. பாண்டியனை வாழ்த்திக்கொண்டே பெண்கள் பந்தடிக்கும் பகுதி அது. பாட்டும் ஆட்டமும் பந்தும் அங்கே ஒரே செயல். பெருங்கதையில் பந்தடி காண்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடிப்பதும் நடனமாகவே விரிகிறது. மாணவியருக்கு இவற்றை விளக்கிவிடுகிறேன். தயக்கத்தின் காரணத்தை மட்டும் இதுவரை சொன்னதில்லை.

1996ஆம் ஆண்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் பள்ளியொன்றில் நான் பதினோராம் வகுப்பு. இருபத்தெட்டு மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிமெண்டுத் தளம்தான் பள்ளியின் மொத்தச் சொத்து. காலையில் அது கூடைப்பந்து அணிக்கு. மாலையில் ஆண்டு விழாக் கோலாட்டக் குழுவுக்கு. பி.டி. டீச்சர் வரைந்த எல்லைக்கோடுகளின்மீது நடன டீச்சர் வட்டங்கள் வரைவார். மறுநாள் காலை எங்கள் காலடியில் அந்த வட்டங்கள் அழியும். இருவருக்கும் இதன் பொருட்டு ஓயாத மனத்தாங்கல்.

இரண்டு குழுவிலும் பெயர் இருந்தவள் ஒருத்திதான். அடுத்த வீட்டுக்காரி, என் தோழி. கோலாட்டம் ஆட அவள் வீட்டில் தடையில்லை. கூடைப்பந்துக்கு அனுமதியே கிடையாது. அரைக்கால் சட்டையும், வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஆண்களுமே காரணம். ஆகவே அவள் வீட்டைப் பொறுத்தவரை காலையிலும் மாலையிலும் அவள் கோலாட்டமே பயின்றாள். அவளது அரைக்கால் சட்டை என் பையில் வந்துபோயிற்று. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காய்ந்தது. அம்மா பார்த்தும் பாராதவளாக இருந்தாள். நடன டீச்சருக்கும் எல்லாம் தெரியும். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே ஒருநாளும் வெற்றிடம் விழுந்ததில்லை.

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை அமைத்த மறு ஆண்டே, அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை பெண்களுக்கு ஏற்றவாறு விதிகளை மாற்றிக் கற்பித்தார். 1893இல் அக்கல்லூரி மாணவியர் ஆடிய போட்டியைக் காண ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. பிற்காலத்தில் இதைப் படித்தபோது தோழியின் அப்பா நினைவுக்கு வந்தார். அவரது அச்சம் நம் ஊரில் மட்டும் விளைந்ததன்று போலும்.

அந்தப் பருவம் முழுதும் அவளே எங்கள் அணி. வட்டாரப் போட்டி இரண்டிலும் வென்றோம். மாவட்ட அரையிறுதியில் முடிய ஒரு நிமிடமே இருக்கையில், ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழன்று, தடுத்து நின்ற இருவரையும் ஏமாற்றிப் பந்தைக் கூடையில் இட்டாள். கோலாட்டச் சுழற்சியும் அதுதான் என்று நடன டீச்சர் பின்னர் மகிழ்ந்து சொன்னார். நானோ ஆறாவது ஆட்டக்காரி. பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்து பிறர் துண்டுகளைக் காத்தவள்.

அரையிறுதி வெற்றியின் புகைப்படம் நாளிதழில் வந்தது. அன்று மாலை அவள் அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கோபத்தைக் காட்டிலும் அவமானமே அவர் முகத்தில் தெரிந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா இது?"

"தெரியாது மாமா."

அவர் பின்னால் அவள் நின்றிருந்தாள். என் பைக்குள் அவள் சட்டை இருந்தது. அச்சத்தால் சொன்னேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அச்சம் மட்டுந்தானா? ஐவரில் ஓரிடம் காலியானால் அடுத்து அழைக்கப்படுபவள் நான் என்பது அக்கணத்தில் எனக்குத் தெரியாமலா இருந்தது?

இறுதிப்போட்டி எங்கள் தளத்திலேயே நடந்தது. அன்றைய விதிப்படி இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். அவள் இடத்தில் நான் ஆடினேன். கோலாட்டத்துக்குத் தடையில்லாததால் அன்று ஒத்திகைக்கென அவளும் பள்ளிக்கு வந்திருந்தாள். வராந்தாவில், கையில் இரண்டு கோல்களுடன் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தாள். நான் இரண்டு முறை கூடையில் இட்டேன். ஆறு புள்ளிகளில் தோற்றோம்.

ஜனவரியில் ஆண்டு விழா. பாதி அடவுகளே தெரிந்த அவள் பின்வரிசையில், பக்கத்தில் ஆடியவளைப் பார்த்துப் பார்த்து ஆடினாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவள் அப்பா மனம் நிறைந்து கைதட்டினார். அவர் கெட்டவரல்லர். அதுவே என்னை இன்னும் வருத்துகிறது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளுக்குத் திருமணமாயிற்று. நான் தமிழ் எம்.ஏ. சேர்ந்தேன், கந்துக வரியை முதன்முறை படித்த அன்று இரவு வெகுநேரம் உறங்கவில்லை.

சென்ற ஆண்டு உறவினர் திருமணமொன்றில் அவளைச் சந்தித்தேன். பந்திக்குக் காத்திருந்த வேளையில், இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சுமந்துவந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏட்டி, ஃபைனல்ல கடைசியில ஒரு பந்து உன் கைக்கு வந்துச்சுல்லா? இடதுகையால போட்டிருக்கணும். வலதுகையில மாத்துனதாலதான் தடுத்துட்டா. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

அந்தப் பந்து எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். பந்தி அழைத்தார்கள், எழுந்துபோனோம். சொல்ல நினைத்ததை அன்றும் சொல்லவில்லை.